மார்ச் பள்ளி விடுமுறை: கடலோரம் இரண்டு இரவு, செந்தோசாவா சாங்கியா?

தெம்பனிஸ் தேவி · 17 பிப்ரவரி 2021

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் 13 தொடங்கிப் பள்ளி விடுமுறை. கொரோனாவால் எல்லை மூடியதிலிருந்து நாங்கள் எங்கும் போகவில்லை. வழக்கமாக டிசம்பரில் ஊர், ஜூனில் மலேசியாவின் தேசாரு அல்லது இந்தோனேசியாவின் பிந்தான். இப்போது இரண்டுக்கும் வழியில்லை. சரி, இங்கே சிங்கப்பூரிலேயே கடல் தெரிகிற இடத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு வருவோம் என்று பார்க்கிறோம்.

ஐந்து பேர்: நான், கணவர், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகன், பாலர் பள்ளிக்குப் போகும் மகள், அத்தை. அத்தை நாகப்பட்டினத்துக்காரர். சென்ற ஆண்டு பிப்ரவரியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார், மார்ச்சில் விமானம் நின்றுவிட்டது. சிக்கியவர்களை அழைத்துப்போக இந்தியாவின் வந்தே பாரத் சிறப்பு விமானம் வந்தபோது அனுப்பியிருக்கலாம், ஆனால் ஊரில் தனியாக இருப்பார் என்று நாங்கள்தான் விடவில்லை. முட்டி வலி உண்டு. பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று எதிர் புளோக்கைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது வெளியுலகம்.

கையில் ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்கியிருக்கிறோம். உள்ளூரில் சுற்றிப் பார்க்க அரசாங்கம் குடிமக்களுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு எனக்கு 100 வெள்ளி இருக்கிறது. கணவர் நிரந்தரவாசி என்பதால் அவருக்கு இல்லை. எங்கே போகலாம்?

ஜூரோங் ஜெகன் · 17 பிப்ரவரி 2021

யோசிக்கவே வேண்டாம், கேளிக்கைத் தீவான செந்தோசாதான். பலாவான் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. மணலுக்கு அருகிலேயே டிராம் நிற்கும், அத்தைக்கு நடக்க வேண்டியிருக்காது. சிலோசோ கோட்டைக்கு மின்தூக்கியில் ஏறி உயரத்து நடைபாதை வழியாகப் போகலாம், கட்டணமே இல்லை. மரங்களின் உச்சிக்கு மேல் நின்று கடலைப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: வார இறுதியில் போனால் கடற்கரைக்கே முன்பதிவு செய்ய வேண்டும். வார நாளில் போங்கள்.

காப்பிக்கடை கோபால் · 17 பிப்ரவரி 2021

மணலில் நிற்க முன்பதிவு! நல்ல காலம்தான்.

தேவி, தெம்பனிஸிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை எவ்வளவு தூரம்? காலையில் பாயும் தோசையும் எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வீட்டுக் கட்டிலில் படுக்கலாம். சொந்தத் தீவில் ஒரு இரவு தூங்க இருநூறு வெள்ளி கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

மீனா_உட்லண்ட்ஸ் · 17 பிப்ரவரி 2021

கோபால் அண்ணே, சமைப்பது நீங்கள் இல்லை, அதனால் புரியாது. வீட்டில் இருவர் வேலை, இரு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம், மூன்று வேளை அடுப்பு. இதையெல்லாம் ஒரே மூன்றறை வீட்டுக்குள் நடத்திய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கட்டிலுக்கா காசு கொடுக்கிறோம்? இரண்டு நாள் அந்த அடுப்பைப் பார்க்காமல் இருப்பதற்குக் கொடுக்கிறோம்.

தேவி, நான் டிசம்பரில் போனேன். ஹோட்டல் பெயர் வேண்டாம். அறை மூன்று மணிக்கு என்றார்கள், சாவி கைக்கு வந்தபோது ஐந்தரை. வரவேற்புக் கூடத்தில் ஓர் ஊரே பெட்டியோடு நின்றது. ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேரை அனுப்பிவிட்டு மீதிப் பேரை வைத்து முழு ஹோட்டலை ஓட்டினால் அப்படித்தான் ஆகும். நீச்சல்குளத்துக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்கித்தான் விடுகிறார்கள். போய் இறங்கியதும் முதல் வேலையாக அதைப் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மத்தியான உச்சி வெயில்தான் மிஞ்சும். பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் உண்டா, வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டில் தங்கும் உத்தரவில் (தனிமைப்படுத்தலில்) இருப்பவர்களை அங்கே வைத்திருக்கிறார்களா.

ஜூரோங் ஜெகன் · 18 பிப்ரவரி 2021

பற்றுச்சீட்டு பற்றி: நேராக ஹோட்டல் இணையத்தளத்தில் செல்லாது. அங்கீகாரம் பெற்ற ஐந்து முன்பதிவுத் தளங்களில் ஒன்றின் வழியாக, சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) போட்டு, பத்துப் பத்து வெள்ளியாகக் கழிக்க வேண்டும். ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது. பிள்ளைகளின் நுழைவுச்சீட்டுக்குத் தனியாகப் பத்து வெள்ளி தள்ளுபடி உண்டு.

ஆனால் கணக்குப் போட்டுவிட்டுச் செலவழியுங்கள். அதே அறை, அதே நாள், ஹோட்டலின் சொந்தத் தளத்தில் காலை உணவோடு சேர்த்தே விலை குறைவாக இருந்ததை நான் பார்த்தேன். நூறு வெள்ளி இலவசம் என்று போய் எண்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவார்கள் பலர். அறைக்கு உங்கள் காசு, நுழைவுச்சீட்டுக்குப் பற்றுச்சீட்டு என்று பிரித்துக்கொள்வதே லாபம்.

வேலை_அட்டை_வேலு · 18 பிப்ரவரி 2021

320 மில்லியன் வெள்ளித் திட்டம். ஹோட்டல்களும் சுற்றுலாத் தலங்களும் பிழைக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? நான் செலவழிக்கும் வெள்ளியும் அதே கல்லாவில்தான் விழும். வரியும் கட்டுகிறேன். தேவி அக்கா வீட்டில் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

காப்பிக்கடை கோபால் · 18 பிப்ரவரி 2021

குடிமக்களுக்கு மட்டும் என்று எல்லா நாட்டிலும் சில சலுகை உண்டு தம்பி. இரண்டு ஆண்டு ராணுவச் சேவையும் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்.

மீனா_உட்லண்ட்ஸ் · 18 பிப்ரவரி 2021

நிரந்தரவாசியின் மகனும்தான் சேவைக்குப் போகிறான், அண்ணே.

இந்தச் சண்டைக்கு வேறு இழை திறங்கள். தேவி பாவம், அறை தேடுகிறார்.

ஜூரோங் ஜெகன் · 18 பிப்ரவரி 2021

இன்னொரு வழி: எங்கும் நிற்காத கப்பல் பயணம். நவம்பரிலிருந்து போகிறது. பாதிப் பயணிகள்தான், ஏறும் முன் பரிசோதனை. கப்பலில் எல்லாம் இருக்கிறது, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

மீனா_உட்லண்ட்ஸ் · 18 பிப்ரவரி 2021

டிசம்பர் 9 மறந்துவிட்டதா? 83 வயதுப் பயணி ஒருவருக்குத் தொற்று என்று குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பல் பாதியில் திரும்பியது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளும் அறைக்குள்ளேயே காத்திருந்தார்கள். கடைசியில் மறுபரிசோதனையில் அவருக்குத் தொற்றே இல்லை. முட்டி வலியும் பேரப்பிள்ளைகளும் உள்ள அத்தையை அப்படி ஓர் அறைக்குள் நினைத்துப் பாருங்கள்.

துவாஸ் தம்பி · 19 பிப்ரவரி 2021

நான் இங்கே படிப்பதோடு சரி. கப்பல் என்றதும் எழுதத் தோன்றியது. போன ஆண்டு தொற்று வந்து குணமான, எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சிலரை உல்லாசக் கப்பலில்தான் தங்க வைத்திருந்தார்கள். என் அறைத் தோழர் இருந்தார். "கப்பல்ல போயிருக்கேன்டா, ஆனா கப்பல் நகரல" என்பார்.

தங்குவிடுதியிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து தங்குவிடுதிக்கு. பதினான்கு நாளுக்கு ஒருமுறை மூக்கில் குச்சி. ஓய்வு நாளில் பொழுதுபோக்கு நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் கைப்பேசியில் அனுமதி கேட்க வேண்டும், கிடைத்தால் சில மணி நேரம். தேக்காவை (லிட்டில் இந்தியாவை) பார்த்து ஓர் ஆண்டாகப் போகிறது. கடல் மட்டும் தினமும் பார்க்கிறேன். துவாஸ் துறைமுகத்துக்குக் கடலைத் தூர்க்கும் வேலை. பத்து மாடி உயரக் கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக இறக்கிச் சுவர் மாதிரி நிறுத்துகிறார்கள், பார்க்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் அது கரை இல்லை, உட்கார முடியாது.

குறையாகச் சொல்லவில்லை. அக்கா, நீங்கள் போய்விட்டு வந்து படம் போடுங்கள்.

மீனா_உட்லண்ட்ஸ் · 19 பிப்ரவரி 2021

நீங்கள் குறையாகச் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன் தம்பி. டிசம்பரில் அதிகாரபூர்வமாக வந்த கணக்கு: தங்குவிடுதிகளில் இருந்த 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. அதே மாதம் 28ஆம் தேதி தளர்வின் மூன்றாம் கட்டம் வந்தது, நமக்கு எட்டுப் பேர் வரை சேர்ந்து எங்கும் போகலாம் என்று தளர்த்தினார்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கொஞ்ச நாள் அடைத்தது புரிகிறது. ஊருக்குள் ஹோட்டல் நிரம்பி வழியும்போது அவர்களுக்கு இன்னும் அனுமதிச் சீட்டு என்பது எனக்குப் புரியவில்லை. செந்தோசா அறை வாடகையைப் பற்றிப் பேசும் இழையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பழைய கத்தோங்காரர் · 20 பிப்ரவரி 2021

தேவி, என் பங்குக்கு.

நான் கத்தோங்கில் பிறந்தவன். எங்கள் காலத்தில் கடல் வீட்டு வாசலுக்கு வரும். நீர் ஏறினால் படிக்கட்டில் உட்கார்ந்தே கால் நனைக்கலாம். 1966இல் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள், மேட்டை வெட்டி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள், கரை தெற்கே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, விரைவுச்சாலை, மரீன் பரேட் அடுக்குமாடி எல்லாம் நிற்பது நான் நீந்திய இடத்தில். துவாஸ் தம்பி செய்கிற வேலையை அன்றைக்கு வேறு தம்பிகள் செய்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் கரை வளைவு வளைவாக இருப்பதும் தானாக அமைந்ததல்ல. மண் அரித்துப் போகாமல் இருக்க அலைத்தடுப்புகளை இடைவெளி விட்டுப் போட்டார்கள், நடுவில் கடல் வளைந்துகொண்டது.

செந்தோசா பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கடல் ஓர் ஓரத்துப் படம், காசு கேட்கிற மற்றவைதான் நடுவில். கடலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் சாங்கிக் கடற்கரைக்குப் போங்கள். எதிரே உபின் தீவு, வலப்புறம் தேக்கோங் தீவு, அவற்றுக்குப் பின்னால் மலேசியாவின் ஜோகூர். பெரிய மரங்களின் நிழல், மணலை ஒட்டியே வாகன நிறுத்துமிடம், அத்தைக்கு நான்கு எட்டு. பசித்தால் உணவங்காடி நிலையம் பக்கத்தில். மார்ச் 13 அமாவாசை. அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் கடல் நன்றாக உள்வாங்கும், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கேளிக்கைப் பூங்கா இல்லை.

அங்கே ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. 1942இல் இதே பிப்ரவரி 20ஆம் தேதி, ஜப்பானியர் 66 பேரை அந்த நீரோரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். மகனுக்குப் படித்துக் காட்டுங்கள், அவனுக்குப் புரியும் வயதுதான்.

தெம்பனிஸ் தேவி · 21 பிப்ரவரி 2021

நன்றி ஐயா. சாங்கி வில்லேஜ் பக்கம் 14ஆம் தேதியிலிருந்து இரண்டு இரவு பதிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார், தெம்பனிஸிலிருந்து பேருந்தில் போகிற தூரத்துக்குப் பெட்டி கட்டுகிறோமாம். சிரிக்கட்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தெம்பனிஸ் தேவி · 19 மார்ச் 2021

போய்விட்டு வந்தோம். சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியாது போல.

ஹோட்டல்: மீனா சொன்ன அதே கதை. வரிசை, தொற்றுத் தடமறிய சேஃப் என்ட்ரி, டிரேஸ்டுகெதர் பதிவு, இன்னொரு வரிசை. கூடுதல் கட்டில் தொலைபேசியில் உண்டு என்றார்கள், நேரில் இல்லை என்றார்கள். கணவர் தரையில் படுத்தார். காலைச் சாப்பாடு காகிதப் பெட்டியில் வந்தது, குளிர்ந்திருந்தது. இதற்கு மேல் ஹோட்டலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரவு தூங்கத்தான் போனோம்.

முதல் நாள் மாலை கடற்கரைக்குப் போனதும் அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன கடல், அலையையே காணோமே? ஏரி மாதிரில்ல இருக்கு" என்றார். கப்பல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து அதில் யார் இருப்பார்கள், அவர்களை இறங்க விடுகிறார்களா என்று கேட்டார். விடுவதில்லை, பல மாலுமிகள் மாதக்கணக்கில் கப்பலிலேயே இருக்கிறார்கள் என்று கணவர் சொன்னதும், "அப்ப நம்ம தேவலை" என்றார். இந்த ஓர் ஆண்டில் அவர் தன் நிலையைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

மகன் விமானம் எண்ணினான். இது விமான நிலையத்தை ஒட்டிய கடற்கரை. முன்பு வந்தபோது தலைக்கு மேல் ஓயாமல் போகும், பேச்சே கேட்காது. இப்போது ஒன்று வந்தால் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். 2019இல் 68 மில்லியன் பயணிகள் வந்துபோன நிலையம், சென்ற ஆண்டு 12 மில்லியனுக்கும் குறைவு. படிக்கும்போது வெறும் எண், அங்கே நின்றால் காதுக்கே தெரிகிறது.

இரண்டாம் நாள்தான் எதிர்பாராதது. சாயங்காலம் ஐயா சொன்னபடியே தண்ணீர் இறங்கியது. இறங்கியது என்றால் சாதாரணமாக இல்லை, காலையில் பிள்ளைகள் குளித்த இடம் வெறும் சேறும் கடற்புல்லுமாகக் கிடந்தது. இரண்டும் ஓடிவிட்டன. கடல் நட்சத்திரம், நண்டு, கடற்சாமந்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். திடீரென்று பின்னால் அத்தையின் குரல். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஏறி வாங்க! எல்லாரும் மேல ஏறி வாங்க!"

2004 டிசம்பர் 26 அன்று அவர் நாகையில் இருந்தவர். எங்களிடம் அதிகம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கடல் உள்ளே போனால் ஓட வேண்டும் என்பது அவர் உடம்பில் பதிந்திருக்கிறது. கணவர் மேலே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது தினமும் நடப்பதுதான் என்று எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டோம். எல்லோரும் மேலே மரத்தடியில் உட்கார்ந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டோம். இருட்டிய பிறகு தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு மாலையில் மறுபடி போனோம், அத்தைதான் கேட்டார். தண்ணீர் இறங்குவதை மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஈர மணல் வரை இறங்கினார். கடற்புல் பக்கம் போகவில்லை. கொஞ்சம் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

துவாஸ் தம்பிக்குப் படங்கள் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் முகம் இருப்பதால் இங்கே போடவில்லை.

பழைய கத்தோங்காரர் · 19 மார்ச் 2021

அத்தையிடம் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நாகை கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது. அங்கே கடல் தானாக அவ்வளவு தூரம் உள்வாங்குவதில்லை. அதனால் அவர் பயம் அந்தக் கரைக்கு நூற்றுக்கு நூறு சரி. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சாங்கி மாதிரி சரிவில்லாத கரையில் மூன்று மீட்டர் இறங்கினால் கடல் வெகுதூரம் போய்விடும். மணிக்கணக்கில் மெதுவாகப் போகும், மெதுவாக வரும், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அட்டவணை போடுவார்கள். சுனாமி நிமிடக்கணக்கு. 2004இல் சிங்கப்பூருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் சுமத்ரா. அந்தப் பெரிய தீவு நடுவில் படுத்துக் கிடக்கிறது. அலை இல்லாததற்கும் ஏறத்தாழ அதே காரணம்தான், நான்கு புறமும் நிலம் மறைத்த கடல் இது.

அடுத்த முறை அட்டவணையை அவர் கையிலேயே கொடுங்கள். மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நம்பிக்கை வரும்.

துவாஸ் தம்பி · 21 மார்ச் 2021

படம் வந்தது அக்கா. நன்றி. நானும் வேதாரண்யம் பக்கம்தான். பாட்டி பயந்தது சரிதான்.

மீனா_உட்லண்ட்ஸ் · 10 ஜூலை 2021

இழையை மேலே கொண்டுவருகிறேன். சாங்கி படங்கள் பார்த்தீர்களா? எங்கும் போக முடியாத ஊரே அங்கே இறங்கியிருக்கிறது. வற்று நேரத்தில் வாளி, மண்வெட்டியோடு கூட்டம் கூட்டமாகப் போய்த் தோண்டுகிறார்கள். நண்டு, சிப்பி, நட்சத்திரம் எல்லாம் வாளிக்குள். தேசியப் பூங்காக் கழகம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

காப்பிக்கடை கோபால் · 10 ஜூலை 2021

சாங்கிக்குப் போகச் சொல்லி எழுதியது யார்? ஐயா, இப்போது சொல்லுங்கள்.

பழைய கத்தோங்காரர் · 11 ஜூலை 2021

போகச் சொன்னேன், வாளி கொண்டு போகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் உயிருள்ள கடல் நட்சத்திரத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்திருப்பார்கள். ஆண்டுதோறும் விமானம் ஏறிப் பாலிக்கும் புக்கெட்டுக்கும் போனவர்கள், அரைமணிப் பயணத்தில் இது இருப்பதை எல்லை மூடிய பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள். 2001இல் உபினின் செக் ஜாவாக் கரையைத் தூர்க்க இருந்தபோதும் இப்படித்தான் மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். பார்த்ததால்தான் குரல் எழுந்தது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். பார்க்காத கரையைத் தூர்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

புதுவரவு_பொங்கோல் · 11 ஜூலை 2021

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகளோடு சாங்கி போகிறோம். அறை எடுக்கவில்லை, காலையில் போய்த் திரும்புவதுதான். என்ன எடுத்துப் போக வேண்டும்?

தெம்பனிஸ் தேவி · 11 ஜூலை 2021

பாதம் முழுவதும் மூடும் காலணி கட்டாயம். செருப்பு வேண்டாம், சேற்றில் கழன்றுவிடும். கல்மீனும் திருக்கையும் மணலோடு மணலாகக் கிடக்கும், மிதித்தால் மருத்துவமனைதான். கடற்புல்லின் மேல் நடக்காமல் மணல் தெரிகிற இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். மாற்று உடை இரண்டு செட், குடிநீர், தொப்பி. எதையும் கையில் எடுக்காமல் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அட்டவணையில் நீர் மிகக் குறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டால் இறங்கும்போதே கூடப் போகலாம், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்காதீர்கள், இப்போது அதுதான் விதி.

புதுவரவு_பொங்கோல் · 11 ஜூலை 2021

நன்றி அக்கா. நாசி லெமாக் எந்தக் கடையில்?

காப்பிக்கடை கோபால் · 11 ஜூலை 2021

இதற்கு நான் பதில் சொல்கிறேன். வரிசை எங்கே நீளமோ அங்கே நிற்காதே. அதற்கு இரண்டு கடை தள்ளி வாங்கு, அதே சோறுதான்.